ஈகைக்கு முந்திய அதிகாரம்

(ராயபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வசதி உள்ளவர்களுக்கு, அது வாய்க்காதவர்கள்பால் என்ன கடமை இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பேசுவதற்கு ராயபுரத்தைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் இல்லை. இந்த மண்டபத்தின் படியிறங்கி நடந்தால், கொடுத்தவர்களின் நினைவைச் சுமந்து நிற்கும் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

கஞ்சித்தொட்டியிலிருந்து தொடங்குகிறேன். 1782இல், ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், ஊரைவிட்டுப் பட்டணத்துக்கு ஓடிவந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். அங்கேயே 1799இல் டாக்டர் ஜான் அண்டர்வுட் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அது வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. 1938இல் அங்கே மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஸ்டான்லி என்பவர் இந்த மாகாணத்தின் ஆளுநர். ஆனால் கொருக்குப்பேட்டைப் பாட்டிகள் அந்த ஆளுநரை ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஆட்டோவில் ஏறினால் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் போப்பா" என்றுதான் சொல்வார்கள். பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சி இருநூறு வருஷத்துக்கு மேலாக ஜனங்களின் வாயில் நிற்கிறது.

சற்றுத் தள்ளி, ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் பிரசவ மருத்துவமனை. ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால் வட சென்னையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நானும் அங்கே பிறந்தவன்தான். அதற்கப்பால் ராயப்பர் கோயில். அதை எழுப்பியவர்கள் பிரபுக்கள் அல்லர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகு வலித்துப் பிழைத்த தொழிலாளர்கள். பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயிலை, இறந்துபோன மகன் நினைவாக பிரோஜ் கிளப்வாலா 1910இல் கட்டிக்கொடுத்தார். இந்தப் பட்டியலை இரவு முழுக்க நீட்டலாம்.

ஆகவே, கொடையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கொடுத்தவர்கள் கட்டிய வார்டில் பிறந்து, கொடுத்தவர்கள் தொடங்கிய கல்லூரியில் படித்து, ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவராகப் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். என்னைப்போல் இங்கே பலர் உண்டு. ஆனால் இவ்வளவு கொடை பொழிந்த இந்த மண்ணில் ஏன் இன்னும் இவ்வளவு துன்பம் இருக்கிறது என்ற கேள்வி பல வருஷங்களாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. இன்று நான் பேசவிருப்பது அதைப் பற்றித்தான்.

திருக்குறளில் ஈகை 23ஆவது அதிகாரம். அதற்கு முந்தியது 22, ஒப்புரவறிதல். அதற்கும் முந்தியது 21, தீவினையச்சம். ஈகைக்கு அடுத்தது 24, புகழ். வரிசையைக் கவனியுங்கள். கேடு செய்ய அஞ்சு என்பது முதலில் வருகிறது. ஊரோடு ஒத்து, ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய் என்பது பிறகு. இல்லாதவனுக்குக் கொடு என்பது அதற்கும் பிறகு. புகழ் கடைசியில். நாம் இந்த ஏட்டை 23இல் திறந்து 24இல் மூடிவிடுகிறோம். பள்ளி ஆண்டு விழாவில் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், வெள்ளம் வந்தால் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறோம், கொடுத்ததைப் படமெடுத்துக்கொள்கிறோம். 21ஆம் அதிகாரத்தைப் புரட்டுவதே இல்லை. யாருக்கும் நேரில் தீங்கு செய்யாதவர்கள் நாம் என்று நம்புவதால், அது நமக்கானது இல்லை என்று விட்டுவிடுகிறோம்.

அது நமக்கானதுதான் என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி. நம் கரையோரத்தில், வருஷத்தின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். வரவு செலவு பார்த்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். 1876இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயலில் சிதைந்து, மறுபடி கட்டி, 1890களில் முடிந்தது. கடலுக்குள் நீட்டிய அந்தக் கல் சுவர், வடக்கே போக வேண்டிய மணலைத் தெற்கே நிறுத்திவிட்டது. அப்படி நின்ற மணலால் விரிந்ததுதான் மெரினா. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரும் வைத்தார். அந்த மணல் வந்து சேர வேண்டிய ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளைக் கடல் அரிக்கத் தொடங்கியது. கட்டுமரம் ஏற்றிவைக்க மணல் இல்லை, வலை உலர்த்த இடம் இல்லை, தெருத்தெருவாகக் குப்பங்கள் பின்வாங்கின. கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் கொஞ்சம் மணல் சேரும். அதற்கு வடக்கே இருப்பவனுக்கு அரிப்பு போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவில் சுண்டல் தின்னும் குடும்பம் எந்தப் பாவமும் செய்யவில்லை. அவர்கள் கால் புதைகிற மணல் மட்டும், நியாயப்படி வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. வசதி என்று நான் சொல்வது இதைத்தான். பணம், படிப்பு, சாதி, நல்ல முகவரி எல்லாமே அதில் அடங்கும். அவற்றால் கிடைக்கிற உண்மையான பலம் ஒன்றுதான்: வர வேண்டிய தீங்கு நம் வாசலைத் தாண்டி அடுத்தவன் வாசலுக்குப் போய்விடும். நாம் தள்ளிவிட வேண்டியதுகூட இல்லை. நம் வாசலில் அது நின்றால் கேள்வி கேட்பார்கள் என்பது போதும்.

இதைத் தென் சென்னையைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டு நாம் கைதட்டிக் கலையக் கூடாது. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்பட்ட காலம் இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மொட்டை மாடியில் வடகம் பிழிய முடியாது. வெள்ளை வேட்டியைக் காயப்போட்டு எடுத்தால் கரும்புள்ளி விழுந்திருக்கும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் மை ஒட்டும். குழந்தைகளுக்கு இளைப்பு ஓயாது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்தில் இந்தச் சரக்குகளைக் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த அக்டோபரிலிருந்து அது நின்றது. நமக்கு நல்ல காலம். நம் பிள்ளைகளின் மூச்சு கொஞ்சம் தேறியது. நிலக்கரி எங்கே போனது? எண்ணூர்த் துறைமுகத்துக்கு. அந்த உத்தரவு சரியானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கரி போய் இறங்கிய ஊரில் இருப்பவர்களும் நம் பிள்ளைகளைப்போல மூச்சுவிடுகிறவர்கள்தானே என்று ராயபுரத்தில் நாம் ஒரு கூட்டம் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். மெரினாவுக்கு முன்னால் நாம் இல்லாதவர்கள். எண்ணூருக்கு முன்னால் நாம் இருப்பவர்கள்.

எண்ணூருக்குப் போவோம். அங்கே 1970இல் அனல் மின் நிலையம் வந்தது. 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்குள் வட சென்னை அனல் மின் நிலையத்தின் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட்டுக்கும், வல்லூர் அனல் மின் நிலையம் 1,500 மெகாவாட்டுக்கும் வந்துவிட்டன. மின்சாரம் கம்பி வழியே ஊரெல்லாம் போகிறது. சாம்பல் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பும் சாம்பல் குழம்பு, குழாய் வெடித்த இடத்திலெல்லாம் கொசஸ்தலையாற்றில் கொட்டியது. செப்பாக்கம் என்ற கிராமம் சாம்பல் குட்டையின் ஓரத்தில் கிடக்கிறது. காற்று அடித்தால் சோற்றுத் தட்டில் சாம்பல் விழும். கழிமுகத்தின் ஆழம் சாம்பலால் தூர்ந்துபோனது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் அங்கே உண்டு. அந்தக் கைகளுக்கு இறாலுக்கு முன்னால் சாம்பல் அகப்படுகிறது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு சேர்ந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. மணலியிலுள்ள சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் அது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. நகரம் முழுக்க வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்ததால் முதல் சில நாட்கள் எண்ணூரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு, எண்ணெயை அள்ளும் வேலை காட்டுக்குப்பத்து மீனவர்கள் தலையிலேயே விழுந்தது. தங்கள் படகில் ஏறி, மக்கிலும் பக்கெட்டிலும் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். தொடக்கத்தில் பலர் கையில் உறை இல்லை. உடம்பெல்லாம் கறுப்பு. அரிப்பு, கண் எரிச்சல், தலைசுற்றல். கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் ஒட்டியிருந்த படங்கள் நாளிதழ்களில் வந்தபோது நகரம் பதறியது. அதே நீரில் இடுப்பளவு இறங்கி நின்ற மனிதர்களைப் பார்த்து அவ்வளவு பதறியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்கு ஏறக்குறைய ஏழு வருஷம் முன்னால், 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் சிந்தியபோதும் வாளியில்தான் அள்ளினோம். உலகத்தரமான துறைமுகம், உலகத்தரமான ஆலை என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். அசம்பாவிதம் நடந்தால் கையில் இருப்பது வாளி.

அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா ரூ.10,000. பாதிக்கப்பட்டவன் கைக்குப் பணம் போனது நல்லதுதான். ஆனால் எண்ணெய் படிந்த வலையை மீண்டும் கடலில் வீச முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். எண்ணூர் மீன் என்று தெரிந்தால் அப்போது மார்க்கெட்டில் வாங்க ஆள் இருக்கவில்லை. நிவாரணம் என்பது 23ஆம் அதிகாரம். வெள்ளம் வரும் என்று தெரிந்த ஊரில், எண்ணெய் வெளியே போகாதபடி மதகும் தொட்டியும் கட்டியிருப்பது 21ஆம் அதிகாரம்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். நம் தெருவுக்கே. 2025 ஆகஸ்டில், சென்னை மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலமான ராயபுரத்திலும் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரிலும் குப்பை அள்ளும் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை அறிவித்த நலத்திட்டங்களில், பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவும் ஒன்று. அவர்கள் கேட்டது பணிப் பாதுகாப்பு.

நம் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கு விசில் ஊதி வண்டி நிறுத்திய அம்மாக்கள் அவர்கள். கொரோனாக் காலத்தில், நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது, நம் வீட்டு முகக்கவசத்தையும் அள்ளியவர்கள். அந்தப் பதின்மூன்று நாளில் ராயபுரத்திலிருந்து எத்தனை வீட்டுக்காரர்கள் ரிப்பன் மாளிகை வாசலுக்குப் போய், "இந்த அம்மா எங்கள் தெருவைப் பெருக்குகிறவர், இவருக்காக நாங்கள் வந்திருக்கிறோம்" என்று சொன்னோம்? வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், ஆசிரியர் சங்கம் என்று நமக்கு எத்தனையோ சங்கங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு அந்த அம்மாவுக்குப் புடவையும் இருநூறு ரூபாயும் கொடுப்பதில் நாம் குறை வைப்பதில்லை. 1782இல் கஞ்சி ஊற்றியவனுக்கு வேறு வழி தெரியாமல் இருந்திருக்கலாம். சம்பள நாளும் சேமநல நிதியும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் காலத்தில் வாழும் நாம், உழைக்கிறவர் கேட்டதை விட்டுவிட்டு உணவை நீட்டுவது ஈகையும் ஆகாது, ஒப்புரவும் ஆகாது.

இப்படிப் பேசும்போதெல்லாம் எழுகிற மறுப்பு ஒன்று உண்டு. "நான் யாருடைய மணலையும் திருடவில்லை. கஷ்டப்பட்டுப் படித்தேன், வரி கட்டுகிறேன். என் தலையில் ஏன் இந்தச் சுமை?" நேர்மையான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அப்பா விட்டுப்போன வீட்டை ஏற்றுக்கொள்கிற பிள்ளை, அந்த வீட்டின் பேரில் அவர் வாங்கிய கடனையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கடன் வாங்கியவன் நான் இல்லை என்று பிள்ளை சொல்லலாம். அப்படியானால் வீட்டையும் விட்டுவிட வேண்டும். திருவொற்றியூர்க் கடலோரத்தில் அடங்கியிருக்கும் பட்டினத்தாரைப்போல் எல்லாவற்றையும் உதறிவிட்டு வாருங்கள் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டே கடனை அடையுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு: "ஆலைகள் வந்ததால்தானே வட சென்னை பிழைத்தது?" இதில் பாதி உண்மை. எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும், பலூன் செய்வதில் தொடங்கி டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப்.பும் தந்த நிரந்தர வேலைகளால் ஓலைக் குடிசைகள் மாடி வீடுகளாயின. அந்த வீட்டுப் பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். தொழிற்சங்கம் இருந்தது, ஈ.எஸ்.ஐ. இருந்தது, போனஸ் இருந்தது. ஆனால் வேலை கிடைத்தவனும் கழிமுகத்தை இழந்தவனும் ஒரே ஆள் இல்லை. அந்த நிரந்தர வேலையும் மெல்ல மெல்லக் காண்ட்ராக்ட் ஆனது.

காண்ட்ராக்ட் என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது ஸ்டான்லியின் கை அறுவைப் பிரிவில். டாக்டர் ஆர். வெங்கடசாமி கட்டி வளர்த்த துறை அது. நாட்டிலேயே பேர் பெற்ற கை அறுவைத் துறை வட சென்னையில் வளர்ந்ததற்குக் காரணம், நசுங்கிய கைகள் இங்கே அவ்வளவு வந்தன. பிரஸ் மெஷினில் மாட்டிய பத்தொன்பது இருபது வயசுப் பையன் ஒருவனுக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றன. காப்புத் தகடு இருந்ததா என்று கேட்டேன். "அத்தக் கழட்டிட்டாங்க சார், அது இருந்தா பீஸ் கம்மியாவுது" என்றான். ஈ.எஸ்.ஐ. கார்டு? இல்லை. வலி இருக்கிறதா என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லாமல், "எப்ப சார் வேலைக்குப் போலாம்?" என்று கேட்டான். அவன் அடித்துக்கொண்டிருந்தது ஏதோ ஒரு வண்டிக்கான சின்னத் தகடு. அந்த வண்டி இன்றும் நம் தெருவில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒட்டவைப்பது எங்கள் வேலை, அதைக் கூடியவரை செய்தோம். தகட்டைக் கழற்றாமல் பார்த்துக்கொள்வது யார் வேலை? தொழிற்சாலை ஆய்வாளருடையது, முதலாளியுடையது, அந்தப் பொருளை வாங்கும் பெரிய கம்பெனியுடையது, மலிவாகக் கேட்கிற நம்முடையது. இத்தனை பேர் வேலை என்பதாலேயே யாரும் பார்க்காத வேலையாகிவிட்டது.

வசதியையும் பதவியையும் சரியாகப் பயன்படுத்தியவர்களும் இந்த நகரத்தில் இருந்திருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் அளவு வைத்தார்; அரைக்கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து நின்றார். இது உழைக்கிறவனைக் கொல்லும் அளவு என்று மேலிடத்தோடு எழுத்தில் சண்டை போட்டார். 1877இலேயே அந்த அளவு உயர்த்தப்பட்டது. அவர் தன் சம்பளத்திலிருந்து எத்தனை பேருக்குக் கஞ்சி ஊற்றியிருக்க முடியும்? தன் நாற்காலியைக் கொண்டு அதைவிடப் பல மடங்கு பேருக்குச் சோறு போட்டார்.

நம் வட சென்னைக்காரர் சர் பிட்டி தியாகராயர். கொடைக்குப் பஞ்சமில்லாத செல்வந்தர். நகராண்மையின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு தொடங்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. தன் வீட்டு அன்னதானமாக அதை வைத்துக்கொண்டிருந்தால் அவரோடு முடிந்திருக்கும். மன்றத்தின் தீர்மானமாக்கி, பொதுப் பணத்தில் எழுதிவைத்தார். இடையில் நின்றது, மறுபடி வந்தது. சாப்பிட்ட பிள்ளை யாருக்கும் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை. நம் காலத்தில், கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா 2017இல் எண்ணூர்க் கழிமுகத்துக்கே போய், கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய புறம்போக்குப் பாடலைப் பாடினார். சபாக்களில் அவருக்குக் கிடைத்த காதுகளை எண்ணூர்ப் பக்கம் திருப்பினார். அதனால் சாம்பல் நின்றுவிடவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல நகரத்துக்கு இனி வழியில்லை.

இவர்கள் மூவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. தங்களிடம் மிஞ்சியதை எடுத்துக் கொடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. தங்களை உயரத்தில் வைத்திருந்த அதே பலத்தை, பதவியோ மன்றமோ மேடையோ எதுவானாலும், இழக்க நேரிடும் என்று தெரிந்தே பணயம் வைத்தார்கள். கொடுக்கிறவனுக்குச் செலவு பணம் மட்டும் என்றால், அவன் இன்னும் பாதிதான் வந்திருக்கிறான் என்பது என் கணிப்பு.

நாம் என்ன செய்வது? சிறியதிலிருந்து சொல்கிறேன். ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள். கலந்து கொடுத்தால் அது கொடுங்கையூருக்குப் போகும். அங்கே குப்பை மேட்டின் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு நம் பெயர் தெரியாது, நம் குப்பை தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். அதைச் சலுகை என்று சொல்லாதீர்கள். உங்கள் பட்டறையில் காப்புத் தகடு இருக்கிறதா என்று நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். இங்கிருந்து படித்து முன்னேறி, அடையாறிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்கள், ஊர் எது என்று கேட்டால் ராயபுரம் என்றே சொல்லுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் உட்காரும்போது, விண்ணப்பத்தில் காசிமேடு என்ற முகவரியைக் கண்டு தயங்குகிற சக அதிகாரியிடம் வாய் திறந்து பேசுங்கள். சென்னையில் 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் விம்கோ நகருக்கு வர 2021 ஆனது. நமக்காக அறைக்குள் பேச ஆள் இருந்தால் அது இன்னும் முன்னாலேயே வந்திருக்கும்.

கடைசியாக, அறக்கட்டளையாரிடமும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலையோ துறைமுகமோ வருவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். அந்தத் திட்ட அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். சாம்பல் எங்கே கொட்டப்படும், சுடுநீர் எந்த ஆற்றில் விடப்படும் என்பதெல்லாம் அந்த ஆங்கிலப் பக்கங்களுக்குள் ஒளிந்திருக்கும். கடலுக்குப் போய்விட்டு வரும் மனிதர் முப்பது நாளில் அதைப் படித்துப் பதில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். இந்த அவையில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், வேதியியல் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஆங்கிலம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்த அறிவிப்பு வரும்போது அந்த அறிக்கையைப் பங்கு போட்டுக்கொண்டு படித்து, தமிழில் எழுதி, எண்ணூர்க் குப்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கூட்டத்தன்று நீங்களும் போக வேண்டும். முன்வரிசை அவர்களுக்கு, ஒலிபெருக்கியும் அவர்களுக்கு. நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் சொன்னபடியே பதிவாகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சொற்பொழிவுக்காக அறக்கட்டளை எனக்குத் தரும் தொகையை அந்த வேலையின் முதல் செலவுக்கு, நகல் எடுக்கவும் தண்ணீர் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பவும், திருப்பித் தந்துவிடுகிறேன். வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். படித்துச் சொல்ல முடிந்தவர்கள் உங்கள் பெயரையும், என்ன தொழில் என்பதையும், மாதத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும் என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.